மீட்டரில் 25 வோல்ட், கம்ப்ரஸர் எடுக்கவில்லை: குந்துகால் படகில் ஒரு ஃபிரிட்ஜ்

மீன்பிடித் தடைக்காலம் முடிய இரண்டு நாள் இருந்தபோது வந்த வேலை இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கரையோடு கிடந்த விசைப்படகுகள் எல்லாம் ஒரே வாரத்தில் எழுந்து ஓடப் பார்க்கும். ராமேசுவரம், பாம்பன், மண்டபம் மூன்று ஊரிலும் லேத் பட்டறை, டைனமோ கடை, வெல்டிங் கடை எதிலும் நிற்க இடம் இருக்காது. நான் மண்டபத்தில் ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கிறவன். படகு வேலை வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து வரும், அதிலும் பாதி ஐஸ் பெட்டி ஒழுகுகிற கதைதான். பேட்டரியில் நேராக ஓடுகிற கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் நம் பக்கத்துப் படகுகளில் அபூர்வம்.

போன் பண்ணியவர் ஆழ்கடல் தூண்டில் படகு வைத்திருக்கும் சம்மாட்டி. சூரை மீனுக்குப் போகிற படகு, போனால் திரும்ப வாரக்கணக்காகும்.

"தம்பி, படகு குந்துகால்ல நிக்குது. வீல்ஹவுஸ் ஃபிரிட்ஜு எடுக்க மாட்டேங்குது. கம்ப்ரஸர் போச்சுன்னு பாத்த ஆளு சொல்லிட்டாரு. புதுசு எங்க கிடைக்கும்னு மட்டும் சொல்லு, போதும்."

"அண்ணே, போச்சுன்னு எப்படிப் பாத்து சொன்னாரு?"

"பேட்டரியிலருந்து நேரா வயர் குடுத்துப் பாத்தாரு. அசையவே இல்லயாம்."

அதைக் கேட்டதும் எனக்குப் பாதி நிம்மதி. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கம்ப்ரஸர் வாங்க வேண்டாம், நான் வந்து பார்க்கும்வரை எதையும் கழற்றவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அவசரம் மீனுக்காக இல்லை. மீனுக்கு அடித்தளத்தில் டன் கணக்கில் ஐஸ் ஏறும். வீல்ஹவுஸில் இருக்கும் 50 லிட்டர் பெட்டி டிரைவரின் இன்சுலினுக்காக வாங்கியது. டிரைவர் சம்மாட்டிக்கு மச்சினன் முறை. திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். ஐஸில் புதைத்து வைத்தால் என்ன என்று எல்லாரும் கேட்பார்கள். உறைந்துபோன இன்சுலின் வீண், அதை உருக்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. போன வருஷம் ஐஸ் பெட்டியில் வைத்து இரண்டு குப்பியை அப்படித்தான் இழந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஃபிரிட்ஜ் வந்தது.

குந்துகால் பாம்பன் தீவின் தெற்குக் கரை. விவேகானந்தர் 1897-இல் வந்து இறங்கிய இடம், நினைவு மண்டபம் இருக்கிறது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதம் அது, மன்னார் வளைகுடா பக்கம் நிற்கிற படகு ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. மீட்டரை மடியில் வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கவேண்டும்.

படகில் 24 வோல்ட் ஏற்பாடு. 120 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு, சீரிஸில். எஞ்சின் ஸ்டார்ட் எடுப்பதும் இதே ஜோடியில்தான், வேறு பேட்டரி கிடையாது. இது முக்கியம், கடைசிவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி எஞ்சின் அறையில். அங்கிருந்து வீல்ஹவுஸ் ஃபிரிட்ஜ் வரை வயர் ஏழு மீட்டர் ஓடுகிறது.

ஃபிரிட்ஜில் இருந்தது பி.டி. 35 வகைக் கம்ப்ரஸர். பழைய ஆட்கள் டான்ஃபாஸ் என்பார்கள். அந்தப் பிரிவு 2010-இல் கைமாறி சீகாப் என்று பெயர் மாறியது. கம்ப்ரஸரின் பக்கவாட்டில் ஒரு கறுப்புப் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் எலக்ட்ரானிக் போர்டு. விஷயம் முழுக்க அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. வீட்டு ஃபிரிட்ஜ் பழகிய கைக்கு இது புரியாது. வீட்டுக் கம்ப்ரஸருக்கு ரிலே இருக்கும், ஓவர்லோடு இருக்கும், சந்தேகம் வந்தால் கரண்டை நேரே கொடுத்து உதறிப் பார்ப்போம். இது அந்த ஜாதி இல்லை. உள்ளே இருக்கும் மோட்டாருக்கு பிரஷ் கிடையாது, நிரந்தரக் காந்த ரோட்டார். போர்டு நேர்மின்சாரத்தை வாங்கி, மூன்று முனைகளுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தால்தான் ரோட்டார் சுற்றும். பேட்டரி வயரை நேராகக் கம்ப்ரஸரின் முனைகளில் (பின்) வைத்தால் ரோட்டார் ஓரிடத்தில் இழுபட்டு நிற்கும், அவ்வளவுதான். நல்ல கம்ப்ரஸரும் அசையாது. "நேரா குடுத்துப் பாத்தாரு, அசையல" என்றதும் எனக்கு நிம்மதி வந்தது இதனால்தான். அந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை.

இருந்தாலும் சம்மாட்டி மனசு ஆறவேண்டுமே. சப்ளையை எடுத்துவிட்டு, போர்டின் பிளக்கைக் கழற்றி, கம்ப்ரஸரின் மூன்று பின்னையும் இரண்டிரண்டாக அளந்தேன். மூன்று அளவும் ஒன்றே. பின்னுக்கும் பாடிக்கும் இடையில் தொடர்பு இல்லை. வைண்டிங் நன்றாக இருக்கிறது என்று அவரையே மீட்டரைப் பார்க்கவைத்தேன்.

"அப்ப கேஸு குறைஞ்சிருக்குமோ?"

இதையும் பார்த்த ஆள் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கேஸ் குறைந்தால் இந்த வகை ஃபிரிட்ஜ் ஸ்டார்ட் ஆகாமல் இருக்காது. நிற்காமல் ஓடும், ஆனால் குளிராது. இரண்டும் வேறு வேறு நோய். இந்தச் சின்னப் பெட்டிகளில் இருப்பது சில பத்து கிராம் கேஸ்தான். கேஜ் மாட்டிப் பார்க்கிறேன் என்று வால்வு போட்டுத் திறந்தாலே அதில் ஒரு பங்கு போய்விடும். கம்ப்ரஸர் எடுக்கவே இல்லை என்னும்போது கேஸ் பக்கம் கைவைப்பது, காய்ச்சலுக்கு வந்தவனைப் பல் பிடுங்கி அனுப்புகிற மாதிரி.

பிறகு பெட்டியை ஓடவிட்டுக் காது கொடுத்தேன். ஸ்விட்ச் போட்டதும் ஃபேன் ஒரு நொடி அசைந்தது. கம்ப்ரஸர் லேசாக ஒரு உறுமல். உடனே எல்லாம் அமைதி. ஒரு நிமிஷம் போல ஆனதும் மறுபடி அதே கூத்து. செத்த ஃபிரிட்ஜ் இப்படிச் செய்யாது. போர்டு உயிரோடு இருக்கிறது, முயன்று பார்க்கிறது, ஏதோ பிடிக்காமல் நிறுத்துகிறது. ஏன் நிறுத்துகிறது என்று அதனிடமே கேட்கலாம். போர்டில் ஒரு சிறு எல்இடி விளக்குக்கு முனை விட்டிருப்பார்கள். நிறையப் படகுகளில், இதிலும்தான், விளக்கை மாட்டியே இருக்க மாட்டார்கள். நான் பையில் ஒன்று வைத்திருப்பேன். பிளஸுக்கும் அந்த முனைக்கும் நடுவில் மாட்டினால் நான்கு நொடிக்கு ஒரு தடவை காரணத்தைக் கண்சிமிட்டிச் சொல்லும். ஒரு சிமிட்டல் என்றால் வோல்டேஜ் போதவில்லை. இரண்டு, ஃபேன் அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கிறது. மூன்று, ரோட்டார் இறுகிவிட்டது அல்லது உள்ளே அழுத்த வித்தியாசம் அதிகம். நான்கு, குறைந்தபட்ச வேகத்தைப் பிடிக்க முடியவில்லை. ஐந்து, போர்டு சூடேறிவிட்டது.

அடுத்த முயற்சியில் கண் வைத்துக் காத்திருந்தோம். ஒரே ஒரு சிமிட்டல்.

சம்மாட்டிக்குக் கோபமே வந்துவிட்டது. "வோல்டேஜ் இல்லையா? நேத்துத்தானப்பா ராத்திரி பூரா சார்ஜ் போட்டேன்!" பேட்டரியில் மீட்டரை வைத்தேன். 25.2. ஃபிரிட்ஜ் முனையில் வைத்தேன். 25.1. அவர் என்னைப் பார்த்த பார்வையில், முதலில் வந்த ஆளே தேவலை என்று இருந்தது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான பேர் வழி தவறுகிறார்கள். சும்மா நிற்கிற வயரில் அளந்தால் மீட்டர் எப்போதும் நல்ல பிள்ளை போலத்தான் சொல்லும். மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. தலைமுடி கனத்தில் ஒரு இழை ஒட்டியிருந்தாலும் 25 வோல்ட் காட்டும். கம்ப்ரஸர் எழ முயலும் அந்த ஒரு நொடியில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. இந்த போர்டுக்கு 24 வோல்ட் ஏற்பாட்டில் கம்பெனி வைத்த எல்லை 22.8. அதற்குக் கீழே போனால் பேட்டரியைக் காப்பாற்ற வேண்டும் என்று நிறுத்திவிடும், 24.2-க்கு மேல் ஏறினால்தான் திரும்ப அனுமதிக்கும். 12 வோல்ட் படகென்றால் இதே கணக்கு 10.4, 11.7. நிறுத்தியதும் சுமை போய்விடுகிறது, வோல்டேஜ் உடனே 25-க்கு எழும்புகிறது, போர்டு மறுபடி ஆசைப்படுகிறது. ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை உறுமலின் ரகசியம் இது.

என் மீட்டரில் மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் பட்டன் உண்டு. அதை அழுத்தி, ஃபிரிட்ஜ் முனையில் பிடித்துக்கொண்டு அடுத்த முயற்சிக்குக் காத்திருந்தேன். 21.9. சம்மாட்டியிடம் திருப்பிக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் ஒரு நொடிச் சரிவை வைத்து இடத்தைத் துரத்த முடியாது. நிதானமாக அளக்க ஒரு நிலையான சுமை வேண்டும். அதற்கு என் கருவி ஒரு லாரி ஹெட்லைட் பல்பு, 24 வோல்ட், 75 வாட்ஸ். எரிந்தால் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும், இந்த ஃபிரிட்ஜ் இழுப்பதும் ஏறக்குறைய அதுதான். ஃபிரிட்ஜை விலக்கிவிட்டு அதே முனையில் பல்பை மாட்டினேன். சோகை பிடித்த மஞ்சள் வெளிச்சம். பல்பு எரியும்போதே பேட்டரியில் 24.4, பல்பு முனையில் 21.9. இரண்டரை வோல்ட் வழியிலேயே போகிறது. ஒரு நீள வயரை எடுத்துக்கொண்டு, பேட்டரி பிளஸிலிருந்து ஃபிரிட்ஜ் பிளஸ் வரை அளந்தேன். 0.4. மைனஸிலிருந்து மைனஸ் வரை, 2.1.

மைனஸ்! ஃபியூஸ், ஸ்விட்ச் எல்லாம் பிளஸில் இருப்பதால் எல்லாரும் அந்தப் பக்கமே தோண்டுவார்கள். போன கரண்ட் திரும்பி வரவேண்டிய வழியை யாரும் சட்டை செய்வதில்லை.

வீல்ஹவுஸ் தரைப்பலகையைக் கிளப்பினோம். அடியில் பித்தளைக் கட்டை ஒன்று, மைனஸ் வயர்கள் எல்லாம் அதில் கூடுகின்றன. ஃபிரிட்ஜ் வயரின் லக்கை, அதாவது வயர் முனையில் அழுத்திய உலோக வளையத்தைத் தொட்டேன், விரலில் பச்சை மாவு ஒட்டியது. களிம்பு. லக்கை லேசாக முறுக்கியதும் வயர் கையோடு வந்துவிட்டது. ஏழெட்டு இழைதான் பிடித்துக்கொண்டிருந்தது. சரி, லக்கை வெட்டிப் புதிது போடலாம் என்று உறையை உரித்தால் உள்ளே செம்பு கரி போலக் கறுத்திருந்தது. ஒரு சாண் தள்ளி உரித்தேன், கறுப்பு. முழம் தள்ளி உரித்தேன், அங்கேயும் கறுப்பு. ஈயப்பூச்சு இல்லாத வீட்டு வயரைப் படகில் ஓட்டினால் இதுதான். உப்புக்காற்றின் ஈரம் லக் முனையில் புகுந்து, இழைகளுக்கு நடுவே ஊறி ஏறி, உறைக்குள்ளேயே தின்றுகொண்டு போகும். வெளியே பார்த்தால் கடையில் வாங்கிய பளபளப்பு அப்படியே இருக்கும். கறுத்த செம்பில் சாலிடரும் பிடிக்காது, கிரிம்ப்பும் நிலைக்காது.

பிளஸ், மைனஸ் இரண்டையும் மாற்றினோம். 24 வோல்ட்டில் இந்த போர்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் எட்டு மீட்டர் வரை செல்லும். நான் 6 போட்டேன், ஈயம் பூசியது. 12 வோல்ட் படகுக்காரர்கள் கவனிக்கவேண்டும், அங்கே அதே 4 வயருக்கு நான்கு மீட்டர்தான் கணக்கு. லக்கை அழுத்திய பிறகு பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டு மூடினேன், இன்சுலேஷன் டேப் சுற்றவில்லை. டேப் ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். வழியில் ஃபியூஸ் 7.5 ஆம்பியர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே.

ஸ்விட்ச் போட்டோம். ஃபேன் சுற்றியது, கம்ப்ரஸர் எழுந்தது, நிற்கவில்லை. எஞ்சின் ஆட்கள் சார்ஜிங் சரிபார்க்க எஞ்சினையும் ஓடவிட்டிருந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் உள்ளே 4 டிகிரி. கூலி வாங்கிக்கொண்டு, சம்மாட்டி வாங்கிக் கொடுத்த பரோட்டாவையும் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நான் செய்த தவறு மேலேயே இருக்கிறது, கவனித்தீர்களா? பல்பு எரியும்போது வழியில் எத்தனை போகிறது என்று துரத்தினேன். பேட்டரியிலேயே 25.2 என்பது 24.4 ஆனதை எழுதியும் வைத்தேன், யோசிக்கவில்லை. 120 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 3 ஆம்பியர் ஒரு சுமையே இல்லை. நல்ல ஜோடி என்றால் அதற்கு இத்தனை தலைகுனியாது. களிம்பைக் கண்ட சந்தோஷத்தில் அந்த 0.8 வோல்ட் கண்ணில் படவில்லை.

தடை முடிந்த மறுநாள் படகு ஒரு ராத்திரி ட்ரையலுக்குப் போய்த் திரும்பியது. எஞ்சின் பிரித்துப் பூட்டியதால் நெடும்பயணத்துக்கு முன் ஒரு வெள்ளோட்டம். காலையில் போன்.

"தம்பி, ராத்திரி எஞ்சினை அமத்திட்டுக் கிடந்தோம். ரெண்டு மணி வாக்குல ஃபிரிட்ஜு நின்னு போச்சு. விடிய எஞ்சின் போட்டதும் தானா ஓடுது."

எஞ்சின் ஓடினால் ஓடும், அணைத்தால் நிற்கும். இதற்கு மேல் ஒரு ஃபிரிட்ஜ் எப்படிச் சொல்லும்? வெட்கமாகத்தான் இருந்தது. மத்தியானம் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் அணைந்து சில மணி நேரம் ஆகியிருந்தது. ஜோடியாக அளந்தால் 24.9. இந்தத் தடவை தனித்தனியாக வைத்தேன். பிளஸ் பக்கத்துப் பேட்டரி, அதை மேல் பேட்டரி என்போம், 12.8. மைனஸ் பக்கத்துக் கீழ்ப் பேட்டரி 12.1.

பல்பை மாட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷத்தில் 12.5-ம் 10.6-ம். இருபது நிமிஷத்தில் மேல் பேட்டரி அப்படியே 12.5-இல் நிற்க, கீழது 10.1. கூட்டினால் 22.6, போர்டின் எல்லைக்குக் கீழே. ஒருவன் நிற்கிறான், ஒருவன் விழுகிறான். கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கிறவனுக்கு இருவருமே கொஞ்சம் களைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

எஞ்சினைப் போடச் சொல்லி சார்ஜிங் அளந்தேன். மொத்தம் 28.4, பழுதில்லை. ஆளுக்குப் பாதி 14.2 வரவேண்டும். மேல் பேட்டரியில் 15.1, கீழ்ப் பேட்டரியில் 13.3. மேல் பேட்டரியின் மூடியைத் திறந்தால் தண்ணீர் வற்றித் தகடு தலைகாட்டியது, கொதித்திருக்கிறது. கீழ்ப் பேட்டரியில் தண்ணீர் நிறைய, ஆசிடின் அடர்த்தியைக் காட்டும் கிராவிட்டி வெறும் 1160. வயிறு நிறையாதவன் அவன்.

ஏன் இப்படி என்பதற்கும் விடை அங்கேயே இருந்தது. இரண்டு பேட்டரியையும் இணைக்கும் நடுப்பாலத்திலிருந்து நாலைந்து சின்ன வயர்கள் கிளம்பி மேலே போயின. வயர்லெஸ் செட், மீன் பார்க்கும் எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், வீல்ஹவுஸ் எல்இடி பட்டை, போன் சார்ஜர் இரண்டு. எல்லாம் 12 வோல்ட் சாமான். 24 வோல்ட் படகில் 12 வேண்டுமென்றால் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் இழுத்துவிடுவது நம் கரையில் பழகிப்போன வழக்கம். எல்லாம் சேர்ந்து 3 ஆம்பியர் என்று வைத்தாலும், பத்து மணி நேர ராத்திரியில் 30 ஆம்பியர்-அவர் கீழ்ப் பேட்டரியிலிருந்து மட்டும் போகிறது. மேலது தொடப்படாமல் நிற்கிறது. காலையில் எஞ்சின் போட்டதும் சார்ஜிங் கரண்ட் இருவர் வழியாகவும் ஒரே அளவில்தான் போகும், சீரிஸ் ஆயிற்றே. ஏற்கெனவே நிறைந்தவன் கொதிக்கிறான். காலியானவன் நிறைவதற்குள் ரெகுலேட்டர் 28.4 ஆகிவிட்டது போதும் என்று குறைத்துவிடுகிறது. இது தினமும் நடந்தால் கீழ்ப் பேட்டரியில் சல்பேட் படிந்து இறுகும். அதோடு தடைக்காலத்தில் 61 நாள் பாதி வயிற்றோடு கிடந்தது, ஜிபிஎஸ்ஸைக்கூட யாரும் கழற்றவில்லை. இருந்த உயிரும் அதில் போயிருக்கிறது.

படகில் ஒரு பையன், பதினெட்டு பத்தொன்பது வயசிருக்கும், போனில் இதையெல்லாம் பார்த்து வைத்திருக்கிறான். "அண்ணே, போர்டுல பேட்டரி பாதுகாப்பு முனைய ஷார்ட் பண்ணிட்டா 21.3 வரைக்கும் ஓடும்ணே. பேட்டரியே மாத்த வேணாம்." தப்பில்லை, அவன் சொன்ன கணக்கு சரியானது. அந்த முனையை இன்னொரு முனையோடு சேர்த்தால் நிறுத்தும் எல்லை 21.3-க்கு இறங்கும். ஆனால் இந்தப் பேட்டரிதான் எஞ்சினையும் எழுப்பவேண்டும். கடலில் காற்று புரட்டும் நேரத்தில் எஞ்சின் எடுக்காமல் நின்று, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போவது என்ன என்று டிரைவருக்குத் தெரியும். அவரே பையனை ஒரு அதட்டல் போட்டார். தனி ஸ்டார்ட்டிங் பேட்டரி உள்ள படகென்றால் நானே யோசித்திருப்பேன். இங்கே அந்த 22.8 ஃபிரிட்ஜுக்காக இல்லை, எஞ்சினுக்காக.

சம்மாட்டி கீழ்ப் பேட்டரியை மட்டும் மாற்றலாம் என்று கொஞ்ச நேரம் மல்லுக்கு நின்றார். புதிய மாட்டையும் கிழட்டு மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டினால் வண்டி எப்படி ஓடும் என்று கேட்டேன். அவர் கடல்காரர், மாட்டு உவமை எடுபடவில்லை. மேல் பேட்டரியின் வற்றிய தகடுகளை டார்ச் அடித்துக் காட்டியதும் ஒத்துக்கொண்டார். ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே மாசத்தில் தயாரானது பார்த்து இரண்டு வாங்கினோம். தனித்தனியே முழுசாக சார்ஜ் ஏற்றிய பிறகே ஜோடி சேர்த்தேன். நடுப்பாலத்து வயர்களை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் ஒன்று 10 ஆம்பியரில் வீல்ஹவுஸ் சுவரில் மாட்டினேன். இனி 12 வோல்ட் சாமான் எல்லாம் அதிலிருந்து. அது இழுப்பது இரண்டு பேட்டரியிலிருந்தும் சமமாக.

இன்னொன்றும் அகப்பட்டது. ஃபேன் சோம்பலாகச் சுற்றுவதாக முதல் நாளே தோன்றியது, படகே ஆடுகிறது என்று விட்டுவிட்டேன். இப்போது கழற்றிப் பார்த்தால் முதுகில் 24 வோல்ட் என்று போட்டிருக்கிறது. பழையது கெட்டபோது, படகு 24 ஆயிற்றே என்று யாரோ 24 வாங்கி மாட்டியிருக்கிறார்கள். இந்த போர்டு படகு 24 ஆனாலும் ஃபேனுக்கு 12-தான் கொடுக்கும். பாதி வோல்ட்டில் பாதி மூச்சு. கண்டன்சர் மேலே உப்புப் பொருக்கு வேறு. நல்ல தண்ணீரில் பிரஷ் வைத்துத் தேய்த்து, 12 வோல்ட் ஃபேன் போட்டதும், கம்ப்ரஸர் ஓடும் நேரமே குறைந்தது.

அன்று மாலை எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு, ஃபிரிட்ஜை ஓடவிட்டு, வயர்லெஸ்ஸும் விளக்கும் எரிய விட்டு, ராத்திரி முழுக்கப் படகிலேயே படுத்தேன். முதல் தடவையே இதைச் செய்திருக்கவேண்டும். பத்து மணிக்கு 25.1, இரண்டு மணிக்கு 24.8, விடியும்போது 24.6. தனித்தனியாக 12.3-ம் 12.3-ம். உள்ளே 5 டிகிரி. டிரைவர் எழுந்து வந்து ஃபிரிட்ஜைத் திறந்து குப்பிகளை எண்ணினார், பிறகு டீ போட்டார்.

படகு கிளம்பும்போது சம்மாட்டி வீட்டம்மா ஒரு மண்பானையைக் கொடுத்தனுப்பினார். அடியில் ஈர மணல், அதற்குள் சின்னச் சட்டி, மேலே மூடி. ஃபிரிட்ஜ் வருவதற்கு முன் இருந்த ஏற்பாடு. "இருக்கட்டும், இது பேட்டரி கேக்காது" என்றார். நான் மறுக்கவில்லை. கையில் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் குப்பிக்கு அது போதும், திறக்காததற்குத்தான் ஃபிரிட்ஜ்.

ஜூலையில் படகு கரைக்கு வந்தபோது வேறு வேலையாகக் குந்துகால் போனவன் எட்டிப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் ஒரு நாளும் நிற்கவில்லை என்றார் டிரைவர். பேட்டரியை அளக்கலாம் என்று எஞ்சின் அறையில் இறங்கினேன். 12.7, 12.5. அந்த 0.2 எங்கே போனது என்று டார்ச் அடித்தேன். நடுப்பாலத்தில் மெல்லிய சிவப்பு வயர் ஒன்று, புத்தம் புதிது, விரலால் முறுக்கிச் சுற்றியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே மேலே போனால், பையன் படுக்கும் பலகைக்கு அடியில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர். கட்டரை எடுத்து வெட்டினேன்.